ஊசிக்கு மன்னிப்பு உண்டு

1

நான் வாழும் நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் மீதான விசாரணை முடிந்துவிட்டது. ஆனாலும் இந்த நாட்டு மருத்துவப் பதிவுக் கவுன்சிலுக்கு ஞாபகசக்தி அதிகம். உலக வரைபடத்தில் கீழ்ப்பக்கம், ஓரமாகத் தேடினால் கிடைக்கும். மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் உள்ள நாடு. ஆட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே டாக்டர் பண்ணைக்கு வந்துவிடுவார். மனிதர்கள் மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

இந்த வருடத் தொடக்கத்தில் அரசாங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டாக்டர்கள், நர்ஸுகள், பல் டாக்டர்கள் எல்லோரையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தை மாற்றப்போகிறார்களாம். பழைய சட்டம் நோயாளியை மறந்துவிட்டதாம். புதிய சட்டம் நோயாளியைக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைக்குமாம். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. எனக்கும் வந்தது. இந்த நாட்டில் நான் பொதுமக்களில் ஒருத்திதான். அதற்குத் தனியாகப் பதிவு எதுவும் தேவையில்லை.

நான் பர்வீன். கள்ளக்குறிச்சி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு கல்வராயன் மலையில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருந்தேன். பிரசவம், பாம்புக்கடி, கரடி கீறினது, மரவள்ளிக் காட்டில் வெட்டுப்பட்டது எல்லாம் பார்த்திருக்கிறேன். ஜீப் ஏறாத ஊர்களுக்கு மருந்துப் பெட்டியோடு நடந்திருக்கிறேன். கணவர் அன்வருக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. வந்தோம். இப்போது ஒரு சின்ன ஊர் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். போன் எடுப்பேன், அப்பாயின்ட்மென்ட் போடுவேன், மீன்தொட்டிக்குத் தீனி போடுவேன்.

ஏன் டாக்டராகவில்லை என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இந்த நாட்டுத் தேர்வை எழுதிப் பாஸாகிவிட்டேன். அதன் பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் மேற்பார்வையின் கீழ் ஒரு வருடம் வேலை பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் உள்நாட்டு அனுபவம் கேட்கிறார்கள். உள்நாட்டு அனுபவம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் பெரிய மூளைக்காரராகத்தான் இருக்க வேண்டும். எங்கே கதவு என்று தேடிக்கொண்டே கட்டிடத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றிவரலாம்.

கவுன்சிலில் ஒரு முறை நேர்காணல் நடந்தது. நடுவில் சில மாதம் வேலையில் இடைவெளி இருக்கிறதே, ஏன் என்று ஒரு பெண் கேட்டாள்.

"என் அம்மா எக்ஸ்பயர் ஆகிவிட்டார்" என்றேன். நம் ஊர் ஆஸ்பத்திரி இங்கிலீஷில் இறந்துபோனால் எக்ஸ்பயர்தான். இங்கே பாலும் பாஸ்போர்ட்டும் மட்டும்தான் எக்ஸ்பயர் ஆகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"புதுப்பிக்க விண்ணப்பித்தீர்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். குறித்துக்கொண்டாள்.

2

சட்டமே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். அதற்குக் காரணம் சின்னப்பொண்ணு.

மலைமேல் ஒரு சிற்றூர்க்காரி. கடுக்காய் பொறுக்கி, கூலிக்குக் களை எடுத்துப் பிழைத்தவள். காய்ச்சல் என்று அடிவாரத்துக்கு இறங்கிப்போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். ஊசி நரம்பில் இறங்கிவிட்டது. காய்ச்சல் போய்விட்டது, கூடவே வலது பாதமும் போய்விட்டது. என்னிடம் வந்தபோது செருப்பு காலில் நிற்கவில்லை. பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடந்து வந்தாள். "டாக்டரு நல்ல மனுசன்தாம்மா, எனுக்குத்தான் நேரம் சரியில்ல" என்றாள்.

அந்த நல்ல மனுஷன் பெயர் தனபால். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்து, அவர் ஓய்வுபெற்றதும் அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டவர். நான் புகார் எழுதினேன். மாவட்டத்திலிருந்து ஒரு குழு வந்தது. மருந்து ஆய்வாளர், போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், அரசு டாக்டர் என்ற முறையில் நான். எல்லோரும் ஒரே ஜீப்பில் போய் இறங்கினோம்.

தனபால் பதறவே இல்லை.

"வாங்க மேடம், வாங்க சார். உக்காருங்க. இன்னா சாப்புடறீங்க, டீயா, காபியா?"

"சர்டிபிகேட் இருந்தா காட்டுங்க" என்றேன்.

"இருக்குதே மேடம்" என்று சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு கௌரவ டாக்டர் பட்டம் தொங்கியது. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் கிட்டே போய்ப் படித்தார். "இதுல சமூக சேவைக்காகன்னுதானய்யா போட்டிருக்குது?"

"ஊசி போடறது சமூக சேவை இல்லிங்களா சார்?"

உள்ளே பெஞ்சில் ஒரு பெரியவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு தயாராகக் குப்புறப் படுத்திருந்தார். இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் பொறுமை இழந்து, "எனுக்கு ஒண்ணு போட்டுட்டு அப்பறம் புடிச்சிக்கினு போங்கப்பா, பஸ்ஸு பூடும்" என்றார்.

தனபாலைப் பிடித்துக்கொண்டு போனோம். ஜாமீனில் வந்தார். சாலையின் எதிர்ப்பக்கத்தில் மறுபடி கடை விரித்தார். பழைய பலகையில் 'டாக்டர் தனபால்' என்று இருந்தது. புதிய பலகையில் 'தனபால் ஆரோக்கிய நிலையம்'. வழக்கின் பெரும்பகுதி 'டாக்டர்' என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் நடந்தது. சின்னப்பொண்ணு சாட்சி சொல்ல வரவில்லை. மலையிலிருந்து கோர்ட்டுக்கு வர அவள் காலுக்குத் தெம்பில்லை.

அடுத்த திருவிழாவில் தனபாலுக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். என்னிடம் வந்த நோயாளிகளோ, "ஊசி போடாத நீ இன்னா டாக்டரம்மா?" என்றார்கள்.

3

இனி கிரஹாம். அவர் ஓய்வுபெற்ற ஆட்டுப் பண்ணைக்காரர். மனைவி இறந்த பிறகு கிளினிக்குக்கு வருவதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தார். என் பெயரைப் 'பார்வின்' என்பார். இந்தியச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிய கோழி மட்டும் பிடிக்கும் என்பார். நல்ல மனிதர்.

அது கோடையின் கடைசி, மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் கிளினிக்கின் டாக்டர் ஸ்டீவன், நர்ஸையும் கூட்டிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தார். மேலாளர் ட்ரேசி கடைக்குப் போயிருந்தாள். காத்திருக்கும் இடத்தில் மிஸஸ் ஹால் என்ற ஓர் அம்மாள் மட்டும் மாத்திரைச் சீட்டுக்காக உட்கார்ந்திருந்தார். கிரஹாம் உள்ளே வந்தார்.

"பெரிதாக ஒன்றுமில்லை பார்வின். வேலிச்செடியை வெட்டும்போது குளவி கொட்டிவிட்டது. அரிப்புக்கு ஏதாவது கிடைக்குமா?"

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். "மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை இடம் இருக்கிறது" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் அவர் உதட்டைப் பார்த்துவிட்டது. உதடு வீங்கியிருந்தது. கழுத்தெல்லாம் தடிப்பு. அடுத்து அவர் பேச வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை, விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மேசையைப் பிடித்தபடி அப்படியே கம்பளத்தில் சரிந்தார். அந்த வியாழக்கிழமை வருவதற்குள் அவருடைய கருமாதியே முடிந்திருக்கும்.

அதன் பிறகு நான் யோசித்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆம்புலன்ஸுக்கு அடித்து, போனை மிஸஸ் ஹால் கையில் திணித்தேன். உள்ளறைக்கு ஓடி அவசரப் பெட்டியைத் தூக்கிவந்தேன். அந்தப் பெட்டியில் மருந்து குறைந்தால் ஆர்டர் போடுவது என் வேலைதான், அதனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். மல்லாக்கப் படுக்கவைத்து, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். அட்ரினலினை ஊசியில் ஏற்றினேன்.

மிஸஸ் ஹால் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்து, "இதெல்லாம் நீ செய்யலாமா?" என்று கேட்டார்.

"நான் டாக்டர்" என்றேன். கால்சட்டைக்கு மேலேயே தொடையில் ஊசியை இறக்கினேன்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. தீர்மானித்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது.

இரண்டாவது ஊசியும் போட வேண்டியிருந்தது. மெல்ல மூச்சு சீரானது, நாடி பிடிபட்டது. அவர் கண்ணைத் திறந்து, மிகவும் மரியாதையாக, "கம்பளத்தை அழுக்காக்கிவிட்டேனா?" என்று கேட்டார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. இத்தனை வருடம் போன் எடுத்த கை, தன் வேலையை மறக்கவே இல்லை.

ஆம்புலன்ஸில் வந்த இளைஞன் கேட்டான்: "ஊசி போட்டது யார்?"

"நான்."

"நீங்கள்?"

"ரிசப்ஷனிஸ்ட்."

அவன் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான்.

4

ட்ரேசி மறுநாள் கேக் வாங்கிவந்தாள். அதில் க்ரீமால் 'எங்கள் வீராங்கனை' என்று எழுதியிருந்தது. ஸ்டீவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேக் தீர்ந்த வாரத்தில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது.

யாரும் என் மேல் கோபத்தில் புகார் கொடுக்கவில்லை. இங்கே யாருக்கும் கோபமே வராது. ஆம்புலன்ஸ்காரன் நடந்ததை அப்படியே எழுதினான். கிளினிக்கின் இன்சூரன்ஸ்காரர்கள் அதைப் படித்தார்கள். மிஸஸ் ஹாலைக் கேட்டார்கள். அவர் உண்மை பேசும் பெண்மணி. எல்லோரும் அவரவர் கடமையைச் செய்தார்கள். கடைசியில் நான் குற்றம் சாட்டப்பட்டவள் ஆனேன்.

ஃபியோனா என்ற விசாரணை அதிகாரி வீடியோவில் பேசினாள். பின்னால் புத்தக அலமாரி, மடியில் பூனை.

"முதலில் நல்ல செய்தி" என்றாள். "ஊசி போட்டதில் பிரச்சினை இல்லை. உயிர் போகும் அவசரத்தில் யார் வேண்டுமானாலும் உதவலாம் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் செய்தது மருத்துவரீதியாகவும் மிகச் சரி."

"நன்றி."

"ஆனால் ஊசி போடும்போது நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"இந்த நாட்டில் பதிவு பெறாத ஒருவர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்வது குற்றம். அவசரத்துக்கான விலக்கு ஊசிக்குத்தான், வாக்கியத்துக்கு இல்லை."

பூனை கொட்டாவி விட்டது. ஒரு சின்ன ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றாள். இல்லையென்றால் வழக்கு. வழக்கில் தோற்றால் பிறகு எந்நாளும் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. வாக்குமூலத்தை அனுப்பிவைத்தாள். முதல் வரி: 'நான் டாக்டர் அல்ல.'

5

"போட்டுக் குடுத்துடு பர்வீன்" என்றார் அன்வர். "ஒரு வரி. அதுக்கப்புறம் நிம்மதியா தூங்கலாம்."

"உங்களை இன்ஜினியர் இல்லன்னு எழுதிக் குடுக்கச் சொன்னா?"

"சம்பளத்தை நிறுத்தாம இருந்தா நான் மனுஷனே இல்லன்னுகூட எழுதிக் குடுத்துடுவேன்."

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். ஆனால் வீட்டுக்கடன் வேடிக்கையில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

எங்கள் மகள் சனா பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். இங்கே வந்தபோது கைக்குழந்தை. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் போன் எடுப்பவள்தான். பள்ளியில் எங்கே கேட்டாலும் அம்மாவின் வேலை 'ரிசப்ஷனிஸ்ட்' என்று கூசாமல் எழுதுவாள். அது எனக்குப் பெருமையாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கடிதம் வந்த வாரம் பள்ளியில் ஒரு பையன் அவளிடம், "உன் அம்மாதான் அந்தப் போலி டாக்டரா?" என்று கேட்டிருக்கிறான்.

"அம்மா, டெக்னிக்கலா நீங்க டாக்டர் இல்லல்ல?" என்றாள்.

"யார் சொன்னது?"

"லா சொல்லுது. நீங்க ஜஸ்ட் சாரி சொல்லிட்டா எல்லாம் போய்டும். வொய் சச் எ பிக் டீல்?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஊரில் அப்பாவுக்கு, எங்கள் வீட்டு வழக்கில் அத்தாவுக்கு, போன் செய்தேன். அத்தாவுக்கு இப்போதும் காலையில் கடைக்குப் போய் உட்கார்ந்தால்தான் சாப்பாடு இறங்கும். முழுவதையும் சொன்னேன்.

"அடி ஆத்தே, உசுர காப்பாத்துனதுக்கு கேஸா?" என்றார். "இன்னா நாடும்மா அது?"

"உசுர காப்பாத்துனதுக்கு இல்ல அத்தா. டாக்டர்னு சொன்னதுக்கு."

பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். அத்தா யாரிடமோ பேசினார். பிறகு, "இரும்மா, உனக்குத் தெரிஞ்சவருதான் கடைல நிக்கறாரு. மவ கல்யாணத்துக்கு அண்டா வாங்க வந்திருக்காரு. பேசு" என்றார். யார் என்று கேட்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

"மேடம், வணக்கம். தனபால் பேசறேன். நல்லாகீறீங்களா?"

"நல்லா இருக்கேன்."

"இன்னா மேடம், உங்க மேல கேஸாமே? ஜாமீன் வாங்கிட்டீங்களா?"

"இது அந்த மாதிரி கேஸ் இல்ல தனபால்."

"எல்லாம் ஒரே மாதிரிதான் மேடம். நான் பாக்காத கேஸா? கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, ஊசி போட்டதுக்குப் புடிச்சாங்களா, போர்டுக்குப் புடிச்சாங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"போர்டுக்குத்தான? எனுக்குத் தெரியும். ஊசிக்கு எவனும் கேஸு போட மாட்டான் மேடம். அந்த டாக்டருங்கற வார்த்தைதான் அவங்களுக்கு ஆவாது. நான் எடுத்துட்டேன் பாருங்க, இன்னிக்கு வரைக்கும் ஒரு தொந்தரவு இல்ல. நீங்களும் எடுத்துடுங்க."

"தனபால், சின்னப்பொண்ணுன்னு ஒருத்தி ஞாபகம் இருக்கா? கால் போச்சே."

எதிர்ப்பக்கம் அண்டாவைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அது அவங்க நேரம் மேடம்" என்றார். பிறகு குரலில் மறுபடி தெம்பு வந்தது. "இப்ப இங்கியும் சட்டத்த மாத்தப் போறாங்களாம். எங்கள மாதிரி அனுபவஸ்தருங்களுக்கு ஒரு சின்ன கோர்ஸ் வச்சி லைசென்ஸே குடுத்துடுவாங்கன்னு பேசிக்கினு இருக்காங்க. வந்துச்சின்னா நானும் டாக்டருதான் மேடம். நீங்கதான் பாவம்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் சமையலறையில் நின்றேன். சின்னப்பொண்ணின் காலைக் கெடுத்தவரும் நானும் சட்டத்தின் கண்ணில் ஒரே சாதி. இரண்டு பேரும் பலகைத் திருடர்கள். அவர் எனக்கு சீனியர் வேறு. அவர் சொன்ன யோசனைதான் கவுன்சில் சொன்ன யோசனையும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையெழுத்துப் போடுவதில்லை என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

6

பிறகு கவுன்சிலுக்கும் எனக்கும் இலக்கணப் போர் நடந்தது. 'நான் டாக்டர் அல்ல' என்பதை ஏற்க மாட்டேன் என்று எழுதினேன். 'நான் முன்பு டாக்டராக இருந்தேன்' என்று மாற்றி அனுப்பினார்கள். நான் செத்தா போய்விட்டேன், எக்ஸ்பயரா ஆகிவிட்டேன்? அதையும் மறுத்தேன். 'நான் வேறொரு நாட்டில் டாக்டராகக் கருதப்படுகிறேன்' என்று வந்தது. கருதப்படுகிறேனாம். பிரசவம் பார்க்கும்போது யாரும் என்னைக் கருதிக்கொண்டிருக்கவில்லை என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

இதற்கிடையில் சட்ட மாற்றம் பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க எங்கள் தொகுதி உறுப்பினர் ஊர் நூலகத்தில் கூட்டம் போட்டார். பிஸ்கட்டும் டீயும் இருந்தன. வெளிநாட்டில் படித்த டாக்டர்களைச் சீக்கிரம் பதிவுசெய்யப் புதிய சட்டம் வழிசெய்யும் என்றார். எனக்கு நாற்காலியின் நுனிக்கு வரத் தோன்றியது. எந்தெந்த நாட்டுக்காரர்களை என்று ஒருவர் கேட்டார். உறுப்பினர் ஒரு பட்டியலை வாசித்தார். நம் நாடு அதில் இல்லை. நாற்காலியில் பழையபடி சாய்ந்துகொண்டேன்.

அப்போது கிரஹாம் எழுந்து நின்றார். கோட்டு, டை, பளபளவென்று சவரம் செய்த முகம். என்னைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் எதற்கு என்று கூச்சமாகவும் இருந்தது, சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நான் இதை எதிர்க்கிறேன்" என்றார் கிரஹாம். "தரம் என்று ஒன்று இருக்கிறது. எங்கெங்கிருந்தோ வருகிறவர்களையெல்லாம் உள்ளே விட்டுவிட்டு, நாளைக்கு எங்கள் உயிருக்கு யார் பொறுப்பு?"

சிலர் கை தட்டினார்கள். உட்காரத் திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. கூட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்து தோளைத் தட்டினார்.

"உன்னைச் சொல்லவில்லை பார்வின். நீ வேறு."

"தெரியும் கிரஹாம்" என்றேன். "டீ எடுத்துக்கொண்டீர்களா?"

வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்வர் சிரித்தார். சனா சிரிக்கவில்லை.

"அவரோட லைஃபை நீங்கதான சேவ் பண்ணீங்க? அந்த ஆள்தான?"

"அவரேதான்."

"அம்மா, நீங்க அங்க என்னெல்லாம் பண்ணியிருக்கீங்க? ரியலா."

இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்டதேயில்லை. நானும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். மழையில் பாலம் மூழ்கி, டிராக்டரில் படுக்கவைத்து இரட்டைப் பிள்ளை எடுத்ததைச் சொன்னேன். பாம்பு கடித்தவனோடு, அடித்த பாம்பையும் சேர்த்து என் மேசையில் கொண்டுவந்து போட்டதையும், பாம்பு சாகாமல் இருந்ததையும் சொன்னேன். சின்னப்பொண்ணைச் சொன்னேன். சனா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்த லெட்டரைக் காட்டுங்க" என்றாள்.

அவள் பள்ளியில் விவாதப் போட்டிகளில் பேசுகிறவள். கவுன்சில் அனுப்பிய எல்லா வரிகளையும் படித்து உதட்டைச் சுழித்தாள். மடிக்கணினியில் மூன்று வாக்கியம் தட்டினாள். அவை இங்கிலீஷில் இருந்தன. தமிழில் இப்படி வரும்: 'நான் டாக்டர். இந்த நாட்டில் பதிவு பெறவில்லை. அன்றைக்கு முதலாவதைச் சொன்னேன், இரண்டாவதைச் சொல்ல நேரமில்லை.'

"மூணுமே ட்ரூ" என்றாள். "அவங்க எதை டினை பண்ணுவாங்க?"

அதன் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வெகுநாள் பதில் இல்லை. பிறகு ஃபியோனாவிடமிருந்து சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் வந்தது. மேல் நடவடிக்கை இல்லை. ஓர் அறிவுரை மட்டும்: இனிமேல் இப்படிப்பட்ட அவசரங்களில், உதவி செய்யும் முன் என் பதிவு நிலையைச் சுற்றியிருப்பவர்களுக்குத் தெளிவாக விளக்க வேண்டும். மூச்சு நின்றுகொண்டிருக்கும் ஆளும் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார் என்று கவுன்சில் நம்புகிறது போலும்.

சட்டம் மாறும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று ட்ரேசி சொன்னாள். நம் ஊரிலும் மாறுகிறது என்று தனபால் சொல்லியிருக்கிறார். இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் காற்று அடிக்கிறது. கதவு மட்டும் வேறு வேறு ஆட்களுக்குத் திறக்கிறது.

7

போன வாரம் கிரஹாம் வந்தார். வரவேற்பு மேசையில் சாய்ந்துகொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக்கு மேலே காட்டினார்.

"இந்த மச்சம். ஒன்றுமில்லைதானே? உனக்குத்தான் தெரியுமே."

பார்த்தேன். ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம் கலந்த பழுப்பு. நான் அதைப் பார்த்த நொடியில் அது தோல் புற்றுநோய்தான் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. சொல்ல எனக்கு வாய் இல்லை. அறிவுரை பெற்ற வாய்.

"நான் எதுவும் சொல்லக்கூடாது கிரஹாம். ஆனால் நோயாளி சொல்வதைக் கம்ப்யூட்டரில் அடிப்பது என் வேலை. நீங்கள் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன்."

"என்ன சொல்ல வேண்டும்?"

"மச்சம் கொஞ்ச நாளாகப் பெரிதாகிறதா?"

"ஆமாம், போன குளிர்காலத்திலிருந்து."

"அப்படியென்றால் அதைச் சொல்லுங்கள்."

"மச்சம் போன குளிர்காலத்திலிருந்து பெரிதாகிறது."

அடித்தேன். "நிறம் ஒரே மாதிரி இருக்கிறதா?"

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லை. இங்கே கறுப்பு, அங்கே ஒரு மாதிரி நீலம்."

"சொல்லுங்கள்."

சொன்னார். ஓரத்தைக் கேட்டேன், அரிப்பைக் கேட்டேன், ரத்தக் கசிவைக் கேட்டேன். ஒவ்வொன்றையும் பள்ளிப்பிள்ளை மாதிரி முழு வாக்கியமாகச் சொன்னார். 'நோயாளி கூறியது' என்ற தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் அடித்து, அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டியவர்களின் வரிசையில் முதலாவதாக வைத்தேன். அதற்கு எனக்கு அதிகாரம் உண்டு.

ஸ்டீவன் அவரை உள்ளே அழைத்தார். வெகுநேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஸ்டீவனே பேசி, மறுநாளே வெட்டியெடுக்க ஏற்பாடு செய்திருந்தார். நல்லவேளை, ஆரம்ப நிலையிலேயே வந்துவிட்டீர்கள் என்றார். கிரஹாமின் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் நிமிர்ந்து நின்றார்.

"கிரஹாம், நீங்கள் சொல்லியிருந்ததைப் படித்தேன்" என்று ஸ்டீவன் அவர் முதுகில் தட்டினார். "பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போல அவ்வளவு தெளிவு. நீங்கள் டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவர்."

கிரஹாம் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு எப்போதுமே அதில் கொஞ்சம் விஷயம் தெரியும்" என்றார்.

நான் போனை எடுத்தேன். யாரோ ஒரு பெண், இந்த நாட்டில் ஏன் டாக்டர்களே இல்லை என்று கத்தினாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவளுக்கு என்ன செய்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன்.